சிலிண்டர் வாங்கிக் கொடுத்தோம், மணிக்கூடு வாங்கிக் கொடுக்கவில்லை

சென்ற வாரம் கடனுக்குச் சரக்குக் கொடுப்பது பற்றி எழுதியிருந்தேன். அதை வாசித்த ஊர்காவற்றுறை வியாபாரி ஒருவர் தொலைபேசியில் அழைத்தார். "நானா, கடைக் கடனைப் பற்றி எழுதினீங்கள். கடலுக்குக் குடுக்கிற கடனைப் பற்றி ஏன் எழுதேல்லை?" என்று கேட்டார். நியாயமான கேள்வி. சங்கு, கடலட்டை வாங்கும் நம்மில் பலரும் முற்பணம் கொடுத்துத்தான் சரக்கைப் பிடித்து வைத்திருக்கிறோம். அந்த முற்பணம் கடலுக்கடியில் என்ன வேலை செய்கிறது என்பதை இந்த வாரம் எழுதுகிறேன். எனது தவறையும் சேர்த்தே எழுத வேண்டியிருக்கிறது.

எனது 2013 ஆம் ஆண்டுக் கொப்பி இன்னும் பத்திரமாக இருக்கிறது. அதில் ஒரு சுழியோடியின் பெயருக்கு நேரே சிலிண்டர் 6, ரெகியுலேட்டர் 2, டோர்ச் லைட் 4, எஞ்சின் திருத்தக் கூலி, மண்ணெண்ணெய் என்று வரிசையாக எழுதியிருக்கிறேன். எல்லாம் நான் கொடுத்த முற்பணத்தில் வாங்கியவை. அந்தப் பட்டியலில் ஆழம் காட்டும் கேஜ் இல்லை. தண்ணீருக்குள் கட்டும் மணிக்கூடு இல்லை. ஒட்சிசன் இல்லை. அவர் கேட்கவுமில்லை, நான் யோசிக்கவுமில்லை. சரக்கை மேலே கொண்டு வருவதற்கு வேண்டியதெல்லாம் வாங்கிக் கொடுத்தேன். ஆளை மேலே கொண்டு வருவதற்கு வேண்டியதை வாங்கிக் கொடுக்கவில்லை.

அந்தத் தம்பி தீவுப் பகுதியைச் சேர்ந்தவர். அப்போது வயது முப்பதுக்குள். ஊர்ப் பக்கம் அட்டை குறைந்துவிட்டதால் வேறு நால்வருடன் ஆழக்கடல் பக்கம் போனார். ஒரே நாளில் நான்காவது சிலிண்டரையும் முடித்துவிட்டு மேலே வந்திருக்கிறார். சிறிது நேரத்தில் தோள் மூட்டில் குத்து, உடம்பெல்லாம் கடி. "வாதம் அடிச்சிட்டுது" என்று சொல்லி மற்றவர்கள் தைலம் பூசித் தேய்த்துவிட்டார்கள். தண்ணீருக்குள் இறங்கினால் நோ குறையும் என்று யாரோ சொல்ல, திரும்பவும் இறங்கியிருக்கிறார். உள்ளே இருக்கும்வரை நோ குறைந்ததும் உண்மைதான். மேலே வந்தபின் இரண்டு காலும் மரத்துப்போய்விட்டன. வைத்தியசாலைக்குப் போனபோது மறுநாள் பகல். அங்கேயும் சிலிண்டரில் சுழியோடியதை முதலில் சொல்லவில்லை, ஏனென்றால் அனுமதிப்பத்திரம் இல்லை. இன்று அவர் ஊன்றுகோலுடன் நடக்கிறார்.

இந்த நோயை நம்மில் பலர் விதி என்றும், வாயு என்றும், கடல் காத்து என்றும் சொல்லி விட்டுவிடுகிறோம். இதன் கணக்கை அறிந்துகொள்ளப் பெரிய படிப்பு வேண்டியதில்லை.

தரையில் நிற்கும்போது காற்று நம்மை அழுத்தும் அளவை ஒன்று என்று வைத்துக்கொள்ளுங்கள். கடலில் 10 மீற்றர் இறங்கினால் அது இரண்டாகும். 20 மீற்றரில் மூன்று, 30 மீற்றரில் நான்கு. ரெகியுலேட்டர் அந்தந்த ஆழத்தின் அழுத்தத்துக்கு ஏற்றபடிதான் காற்றைத் தரும். ஆகவே 20 மீற்றரில் இருப்பவர் ஒவ்வொரு மூச்சுக்கும் மேலே இழுப்பதைப்போல மூன்று மடங்கு காற்றை இழுக்கிறார். சிலிண்டர் விரைவில் தீர்ந்துபோவது இதனால்தான். அடுத்த சிலிண்டர், அதற்கடுத்தது என்று போவதும் இதனால்தான்.

காற்றில் ஐந்தில் நான்கு பங்கு நைதரசன். உடம்பு அதைப் பயன்படுத்துவதில்லை. அழுத்தம் கூடும்போது அது இரத்தத்திலும் கொழுப்பிலும் நரம்பிலும் கரைந்து தங்கிவிடும். ஆறுதலாக மேலே வந்தால் மூச்சு வழியே வெளியேறிவிடும். விசுக்கென்று மேலே வந்தால் என்ன நடக்கும் என்பதற்குச் சோடாப் போத்தல் போதும். மூடியிருக்கும்வரை போத்தலுக்குள் ஒன்றும் தெரியாது. மூடியைத் திறந்ததும் நுரை கிளம்பும். அந்தக் குமிழ்தான் மூட்டில் நின்றால் நோ, தோலில் நின்றால் கடி, முள்ளந்தண்டு நரம்பில் நின்றால் கால் விளங்காமல் போகும்.

வியாபாரிக்கு விளங்கும்படி இன்னொன்றும் சொல்கிறேன். முதல் சிலிண்டரை முடித்து மேலே வந்தவுடன் நைதரசன் கணக்கு முடிந்துவிடுவதில்லை. அது முழுவதும் வெளியேறப் பல மணித்தியாலங்கள் வேண்டும். அரை மணித்தியாலத்தில் திரும்ப இறங்குபவர் பழைய பாக்கியோடு இறங்குகிறார். மூன்றாவது முறை அதற்கும் மேல். நான்காவது முறை, கொப்பியில் பாக்கி மேல் பாக்கி ஏறி ஒருநாள் கடை பூட்டுவது போல. ஆகவே "முந்தநாளும் இப்படித்தான் சுழியோடினேன், ஒன்றும் நடக்கேல்லை" என்ற பேச்சுக்கு மதிப்பில்லை.

உலகத்தில் இதற்கு அட்டவணை இருக்கிறது. 1872 இல் அமெரிக்காவில் புரூக்ளின் பாலத்துக்கு ஆற்றுக்கடியில் அத்திவாரம் தோண்டியபோது, அழுத்தக் காற்று அடைத்த பெட்டிக்குள் வேலை செய்தவர்களுக்கு இதே நோய் வந்தது. தலைமைப் பொறியியலாளர் வாஷிங்டன் ரோப்ளிங்கே அதில் விழுந்து, வேலையைப் படுக்கையறை யன்னல் வழியே பார்க்கும் நிலைக்கு வந்தார். பிறகு இங்கிலாந்தில் ஹால்டேன் என்பவர் ஆடுகளை வைத்துப் பரீட்சித்து, எந்த ஆழத்திலிருந்து எப்படிப் படிப்படியாக மேலே வரவேண்டும் என்ற கணக்கை 1908 இல் வெளியிட்டார். நூறு வருடத்துக்கு மேலாகிவிட்டது. அந்தக் கணக்கு நமது கடற்கரை வாடிகளில் பலவற்றுக்கு இன்னும் வந்து சேரவில்லை.

கணக்கின் சுருக்கம் இது. அன்றைய முதல் சுழியோட்டத்தில் 18 மீற்றர் ஆழத்தில் சுமார் 1 மணித்தியாலம் வரைதான் தரிக்காமல் மேலே வரலாம். 30 மீற்றரில் சுமார் 25 நிமிடம்தான். அதுவும் எல்லை, அந்த எல்லைவரை போகவேண்டும் என்றில்லை. மேலே வரும் வேகம் நிமிடத்துக்கு 9 மீற்றருக்கு மேற்படக் கூடாது. கடைசியில் 5 மீற்றர் ஆழத்தில் 3 நிமிடம் நின்று வருவது நல்லது. இரண்டாவது, மூன்றாவது முறைகளுக்கு நேரம் இன்னும் குறையும். இதைக் கடைப்பிடிப்பதற்கு இரண்டு விஷயம் தெரியவேண்டும்: எவ்வளவு ஆழம், எவ்வளவு நேரம். கேஜும் மணிக்கூடும் இல்லாத ஒருவர் எதை வைத்துக் கடைப்பிடிப்பார்?

இனி, நமது தீவுப் பகுதியில் அடிக்கடி கேட்கும் ஒரு வாதத்துக்கு வருகிறேன். "நயினாதீவு, நெடுந்தீவுக் கடல் ஆழமில்லாதது. இங்கே வாதம் அடிக்காது" என்பார்கள். பாக்கு நீரிணை ஆழம் குறைந்த கடல் என்பது சரிதான். கரையை அண்டிய இடங்களில் 10 மீற்றர்கூட இராது. மூட்டு வாதம் வரும் வாய்ப்பு அங்கே குறைவு என்பதும் சரி. ஆனால் ஆழமில்லாத கடலில் வேறொரு ஆபத்து இருக்கிறது, அது வாதத்தைவிட வேகமானது.

சங்கு குளித்த நமது பழைய ஆட்கள் சிலிண்டர் கண்டவர்களல்லர். மேலே ஒரு மூச்சை இழுத்து, அதை அடக்கிக்கொண்டு இறங்கி, அதே மூச்சோடு ஏறினார்கள். மேலே பிடித்த காற்று கீழே சுருங்கும், மேலே வந்ததும் பழைய அளவுக்கு விரியும். அதற்கு மேல் விரியாது. கயிறு பிடிப்பவன் மைத்துனனாக இருக்கவேண்டும், தங்கை தாலியை நினைத்தாவது இழுப்பான் என்று கீழக்கரைப் பக்கத்திலும் நம் பக்கத்திலும் ஒரு பேச்சு உண்டு. அந்தக் காலத்துப் பாதுகாப்பு அந்தக் கயிறுதான். "மூச்சை விடாதே, அடக்கிக்கொண்டு வா" என்பதுதான் வாப்பா மகனுக்குச் சொல்லிக்கொடுத்த பாடம். இந்தக் கரையில் குளித்த சங்கு வங்காளத்துக்குப் போய் வளையலானது. அந்த வியாபாரத்தில் கீழக்கரை மரைக்காயர்மார் பெயரெடுத்திருந்ததும் நமக்குத் தெரிந்த வரலாறு.

அதே பாடம் சிலிண்டர் போட்டவனைக் கொன்றுவிடும். 10 மீற்றரில் ரெகியுலேட்டரிலிருந்து நெஞ்சு நிறைய இழுத்த காற்று, மேலே வரும்போது இரண்டு மடங்காக விரியும். மூச்சை அடக்கினால் அது போக வழியில்லை. நுரையீரல் கிழிந்து, காற்று இரத்தத்தில் கலந்து மூளைக்குப் போகும். இதற்கு 10 மீற்றர்கூட வேண்டாம், ஒன்றிரண்டு மீற்றரே போதும். ஏனென்றால் விரிவு மிக வேகமாக நடப்பது மேற்பரப்பை அண்டிய கடைசி மீற்றர்களில்தான். சிலிண்டரில் காற்று முடிந்து பதறி மேலே பாய்கிறவர்கள்தான் பெரும்பாலும் இப்படி மாட்டிக்கொள்கிறார்கள். ஆகவே சிலிண்டரின் மிச்சக் காற்றைக் காட்டும் கேஜ் வேலை செய்யவேண்டும். 200 பாரில் நிரப்பிய சிலிண்டர் 50 பாருக்கு வந்ததும் மேலே வரத் தொடங்க வேண்டும். மூச்சை ஒருபோதும் அடக்கக் கூடாது. தகப்பன் சொன்ன பாடத்தை மகன் மறக்கவேண்டிய இடம் இது. அதை எடுத்துச் சொல்ல ஆளில்லை.

இனிக் காசுப் பக்கம். கடலட்டை நம் நாட்டில் யாரும் உண்பதில்லை. அவித்து, புதைத்து, சுரண்டி, காயவைத்தால் பச்சை நிறையில் பத்தில் ஒரு பங்கும் தேறாது. அது ஹொங்கொங், சிங்கப்பூர் வழியாகச் சீனர் மேசைக்குப் போகிறது. விலை அங்கே நிர்ணயமாகிறது. நாம் சுழியோடிக்கு எண்ணிக்கைக்குக் காசு கொடுக்கிறோம். எண்ணிக்கை கூடினால் காசு கூடும், முற்பணமும் கழியும். கரையோரத்தில் அட்டை குறையக் குறைய ஆழம் கூடுகிறது. ஆழம் கூடக் கூட ஒரு சிலிண்டருக்குக் கிடைக்கும் நேரம் குறைகிறது. எண்ணிக்கையை நிரப்ப இன்னொரு சிலிண்டர் வேண்டும். நாம் யாரையும் நான்காவது சிலிண்டர் போடச் சொல்லவில்லை என்று நெஞ்சில் கைவைத்துச் சொல்லலாம். ஆனால் நமது கொப்பி சொல்கிறது.

இது நமக்கு மட்டும் உரிய கதையல்ல. மத்திய அமெரிக்காவில் ஹொண்டுராஸ் என்றொரு நாடு. அங்கே மிஸ்கித்து என்ற கடலோர மக்கள் அமெரிக்கச் சந்தைக்குச் சிங்கறால் பிடிக்கச் சுழியோடுகிறார்கள். எண்ணிக்கைக் கூலி, பயிற்சியில்லை, கேஜ் இல்லை, ஒரே நாளில் சிலிண்டருக்கு மேல் சிலிண்டர். கால் விளங்காமல் போனவர்கள் அங்கே நூற்றுக்கணக்கில் இருக்கிறார்கள். அவர்களில் 42 பேரின் வழக்கு அமெரிக்க நாடுகளின் மனித உரிமை நீதிமன்றம் வரை போய், 2021 ஆகஸ்டில் தீர்ப்பு வந்தது. அங்கே பதில் சொல்லவேண்டி வந்தது அரசாங்கத்துக்கு, தனியார் கம்பனிகளைக் கண்காணிக்கவில்லை என்பதற்காக. வாசித்தபோது ஊர்ப் பெயரை மாற்றினால் நம் வாடிக் கதைதான் என்று தோன்றியது.

நமது சட்டம் என்ன சொல்கிறது என்று சில சகோதரர்கள் கேட்பார்கள். 1942 ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் கட்டளைச் சட்டம் தொழிற்சாலைக்குள் பாதுகாப்புக் கவசம் கொடுக்கச் சொல்கிறது. கடலுக்கடியில் அது வராது. 1934 ஆம் ஆண்டின் வேலையாட்கள் நட்டஈட்டுக் கட்டளைச் சட்டம் வேலையில் நேரும் விபத்துக்கு முதலாளி நட்டஈடு கொடுக்கவேண்டும் என்கிறது. ஆனால் "அவர் என் வேலையாள் இல்லை, தன் படகில் போய்ப் பிடித்து எனக்கு விற்கிறார்" என்று நாம் சொல்லிவிடுகிறோம். படகும் எஞ்சினும் சிலிண்டரும் நமது முற்பணத்தில் வாங்கியவையாக இருக்கும்போது அந்தப் பேச்சு எவ்வளவு தூரம் நிற்கும் என்பதை ஒரு சட்டத்தரணியிடம் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். வியர்வை உலருமுன் கூலியைக் கொடுக்கவேண்டும் என்று கேட்டு வளர்ந்தவர்கள் நாம். வியர்வை கடலுக்கடியில் தெரிவதில்லை, அவ்வளவுதான்.

அனுமதிப்பத்திரம் பற்றி ஒரு வார்த்தை. சங்கு, கடலட்டை பிடிப்பதற்குக் கடற்றொழில் திணைக்களத்தின் அனுமதி வேண்டும். வெளியூர்ச் சுழியோடிகள் வந்து இரவில் லைட் அடித்துப் பிடிப்பதை எதிர்த்து 2018 இல் வடமராட்சி கிழக்கு மீனவர்கள் போராடியதை மறந்திருக்கமாட்டீர்கள். அனுமதியில்லாமல் போகிறவர் நோய் வந்தாலும் மறைப்பார். மறைத்தால் டொக்டர் சாதாரண நரம்பு நோய் என்று நினைத்துத்தான் பார்ப்பார். எத்தனை மீற்றர், எத்தனை சிலிண்டர், எத்தனை மணிக்கு மேலே வந்தார் என்று முதலில் சொல்லிவிட்டால் பாதி வேலை முடிந்தது. அனுமதிக்குச் செலவழிக்கும் காசையும் பாதுகாப்புச் செலவாகவே எழுதுங்கள்.

என்னென்ன வாங்கவேண்டும்? ஒவ்வொரு சுழியோடிக்கும் ஆழம் காட்டும் கேஜ், காற்று காட்டும் கேஜ், தண்ணீர் மணிக்கூடு. வசதியுள்ளவர்கள் டைவ் கொம்பியூட்டர் வாங்கலாம். கையில் மணிக்கூடு போல் கட்டுவது, ஆழம், நேரம், பழைய பாக்கி எல்லாவற்றையும் தானே கணக்குப் பார்த்து, வேகமாக ஏறினால் சத்தம் போடும். நான் கண்டதில் சுழியோடிகள் விரும்பிக் கட்டும் ஒரே பாதுகாப்புச் சாமான் இதுதான். கையுறையைக் கழற்றி வீசுகிறார்கள், இதைக் கழற்றுவதில்லை. படகில் ஒரு கொடி, மேலே ஒருவர் எஞ்சினை நிறுத்திக் காவல். சுழியோடி மேலே வரும் இடத்தில் வேறொரு படகின் விசிறி வந்து அடிப்பதும் நடக்கிறது.

சிலிண்டருக்கும் ஆயுள் கணக்கு உண்டு. வருடத்துக்கொரு முறை உள்ளே பார்க்கவேண்டும், 5 வருடத்துக்கொரு முறை தண்ணீர் அழுத்தப் பரிசோதனை செய்யவேண்டும். பழைய சிலிண்டருக்குப் பெயின்ட் அடித்து விற்பவர்கள் இருக்கிறார்கள், திகதி முத்திரையைப் பார்த்து வாங்குங்கள். காற்று நிரப்பும் கொம்பிறஸரின் உறிஞ்சு குழாய் எங்கே இருக்கிறது என்று உங்கள் வாடியில் இன்றைக்கே போய்ப் பாருங்கள். எஞ்சின் புகை போகும் பக்கம் அது இருந்தால், சிலிண்டருக்குள் புகையைத்தான் அடைக்கிறீர்கள். மேலே தலையிடி கொடுக்கும் புகை, அழுத்தத்தில் மயக்கம் கொடுக்கும். தண்ணீருக்குள் மயங்கினால் என்ன நடக்கும் என்று நான் எழுதத் தேவையில்லை. குழாயைக் காற்று வரும் பக்கம் உயர்த்திக் கட்டச் சில நூறு ரூபாய் போதும்.

எல்லாவற்றிலும் முக்கியமானது ஒட்சிசன். மருத்துவ ஒட்சிசன் சிலிண்டர் ஒன்றும் மாஸ்க் ஒன்றும் படகில் இருக்கவேண்டும், வாடியில் அல்ல. காரணம் தூரம். நெடுந்தீவிலிருந்து குறிகட்டுவானுக்குப் படகில் ஏறத்தாழ ஒரு மணித்தியாலம். சோளகம் பலமாக அடித்தால் அதுவும் நிச்சயமில்லை. குறிகட்டுவானிலிருந்து யாழ்ப்பாணத்துக்கு இன்னொரு மணித்தியாலம். கடற்படையின் அழுத்த அறை இருக்கும் திருகோணமலை அங்கிருந்து 200 கிலோமீற்றருக்கு மேல். அந்த அறைக்குள் வைத்துத் திரும்ப அழுத்தம் கொடுத்து மெதுவாகக் குறைப்பதுதான் இதற்குச் சரியான வைத்தியம். இவ்வளவு தூரமும் போகும்வரை குமிழின் வேலையைத் தடுத்து வைப்பது ஒட்சிசன் ஒன்றுதான். ஆளை மட்டமாகப் படுக்கவைத்து, ஒட்சிசனை நிறுத்தாமல் கொடுத்து, அறிவோடு இருந்தால் தண்ணீர் குடிக்கக் கொடுத்துக் கொண்டுபோக வேண்டும். தேய்க்கக் கூடாது. நோ குறையும் என்று திரும்பக் கடலுக்குள் இறக்கக் கூடாது. யாரை அழைப்பது, எந்த வாகனம் என்பதைப் பருவம் தொடங்குமுன்னே வைத்தியசாலையில் விசாரித்து, எண்ணைப் படகிலேயே எழுதி ஒட்டுங்கள்.

வாடியில் அட்டை அவிக்கும் பெண்களுக்கு முழங்கால்வரை பூட்ஸும் தடித்த கையுறையும் வேண்டும். கொதிநீர்ப் பீப்பாயைத் தூக்கி ஊற்றும் பழக்கத்தை நிறுத்தி, கீழே குழாய் வைத்துத் திறந்துவிடுங்கள். 2021, 2022 காலத்தில் தீவுப் பகுதியிலும் கிளிநொச்சிக் கரையிலும் அட்டைப் பண்ணைகள் பெருகின. அதனால் மீன்பிடிக்கு இடைஞ்சல் என்ற சர்ச்சை வேறு, அதற்குள் நான் போகவில்லை. இடுப்பளவு தண்ணீரில் வளர்ப்பதால் சுழியோடும் ஆபத்துக் குறைவு என்பது மட்டும் உண்மை. ஆனால் அங்கேயும் இரவுக் காவலுக்குத் தனியே படகில் போகிறவருக்கு உயிர்காப்பு அங்கி கொடுத்திருக்கிறோமா என்று பாருங்கள். பயணிகள் படகில் ஏறினால் அங்கி போடச் சொல்கிறார்கள். நமது படகில் அது வலைக்கு அடியில் கிடக்கிறது.

செலவைப் பற்றிச் சொல்லாமல் விட்டால் வியாபாரப் பக்கம் ஆகாது. ஐந்து பேர் போகும் ஒரு படகுக்கு மேலே சொன்ன கேஜ், மணிக்கூடு, ஒட்சிசன் எல்லாம் சேர்த்தாலும் ஒரு நல்ல அவுட்போர்ட் எஞ்சினின் விலை வராது. எஞ்சினை வருடக்கணக்கில் பிரித்துக் கழிக்கிறோம் அல்லவா, இதையும் அப்படியே கழிக்கலாம். ஆனால் சுழியோடியின் கடன் கணக்கில் ஏற்றாதீர்கள். ஏற்றினால் அதைக் கழிக்க அவர் இன்னொரு சிலிண்டர் போடுவார். நான் அதை வாடிச் செலவில் எழுதுகிறேன். கூலியையும் மாற்றினேன். நாளுக்கு ஒரு நிரந்தரத் தொகை, அதற்கு மேல் எண்ணிக்கைக்குக் கொஞ்சம் குறைந்த வீதம். ஆழத்தைப் பொறுத்து நாளுக்கு இரண்டு சிலிண்டர், மிஞ்சினால் மூன்று. முதல் பருவத்தில் சரக்குக் குறைந்தது, மறைக்கவில்லை. இரண்டு சுழியோடிகள் வேறு முதலாளியிடம் போனார்கள். அடுத்த பருவத்தில் ஒருவர் திரும்பி வந்தார்.

ஊன்றுகோலுடன் நடக்கும் அந்தத் தம்பிதான் இப்போது என் வாடியில் சிலிண்டருக்குக் காற்று நிரப்புகிறார். சுவரில் ஒரு கரும்பலகை. யார் எத்தனை மணிக்கு இறங்கினார், எத்தனை மீற்றர், எத்தனை மணிக்கு ஏறினார் என்று படகு வந்ததும் கேட்டு எழுதுவார். போன மாதம் ஒரு சுழியோடி எனக்குத் தொலைபேசி எடுத்து, "முதலாளி, இன்னும் ஒரு சிலிண்டர் கேட்டா இவன் தாறானில்லை, நீங்கள் ஒருக்காச் சொல்லுங்கோ" என்றார். சிலிண்டர் அறையின் திறப்பு அவரிடம்தான் இருக்கிறது, என்னிடம் இல்லை என்று சொன்னேன்.